பொத்தென்று கேட்ட இடம்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்று இன்னும் தடுமாறுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தோட்டம் பலாங்கொடைக்கு மேலே இருக்கிறது. மலையிலிருந்து தேயிலை ஃபெக்டரிக்குக் கொழுந்து கொண்டுபோகும் டிராக்டரை அப்பாதான் ஓட்டினார். வழியில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு கொங்கிரீட் பாலம்.

ஒருநாள் காலையில் அந்தப் பாலத்தைச் சோதிக்க ஒரு சிங்கள ஐயா உதவியாளோடு வந்தார். மேலே ஒரு கீறல்கூட இல்லை என்று, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அவரோடு சிங்களத்தில் வாதாடினார். மேலே பார்த்தால் தெரியாது என்று அந்த ஐயா சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு அவர் குனிந்து, சுத்தியலால் பாலத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். பெரும்பாலும் 'ணங்' என்றது. சில இடங்களில் 'பொத்' என்றது. அங்கெல்லாம் உதவியாள் சோக்கால் வட்டம் போட்டான்.

பலாப்பழம் பறிக்கப் போனால் அப்பாவும் இப்படித்தான் தட்டுவார். டக்கென்றால் காய், பொத்தென்றால் பழம். ஆகவே வட்டம் போட்டதெல்லாம் நல்ல இடம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க மூன்று பேரும் ஆற்றில் இறங்கிய நேரம் அப்பாவின் டிராக்டர் வந்தது.

"என்னடா, பாலத்துக்கு அம்மை போட்டிருக்கு?"

"தட்டிப் பாத்து போட்டாங்கப்பா. வட்டத்து மேலதான் போகணுமாம்."

அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"சரிங்க எஞ்சினியரய்யா" என்று சிரித்துக்கொண்டே அப்பா வண்டியை வட்டங்களின்மேல் விட்டார். பாதி தாண்டியதும் பின்னால் இழுத்துவந்த பெட்டியின் ஒரு சக்கரம் சட்டென்று இறங்கியது. கொங்கிரீட் துண்டுகள் ஆற்றில் விழுந்தன. கீழே கணக்கப்பிள்ளை அலறினார். அப்பா டிராக்டரை உறுமவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு அக்கரை சேர்ந்தார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பாலத்தில் ஓர் ஓட்டை. அதில் துருப்பிடித்த கம்பிகள், அதற்கும் கீழே தண்ணீர்.

ஓடிவந்த ஐயா ஓட்டையைப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளையிடம், "தெங் பேனவாத?" என்றார். இப்போது தெரிகிறதா என்று அர்த்தம். எனக்குப் பெருமையாக இருந்தது.

கணக்கப்பிள்ளை அப்பாவிடம் பாய்ந்தார். "யாருய்யா ஒன்னைய அதுமேல ஏத்தச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்தார். "யாரும் சொல்லலைங்க. நாந்தான் கவனிக்கல."

ஒன்றும் விளங்கவில்லை. ஒளிந்திருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே நாங்கள்தானே? அந்த ஐயாகூடச் சந்தோஷப்பட்ட மாதிரிதானே இருந்தது?

அடுத்த திங்கட்கிழமை டிராக்டரை வேறொருவர் ஓட்டினார். அப்பா உரமூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். ஏன் வண்டி ஓட்டவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன்.

"உக்காந்து உக்காந்து இடுப்பு புடிச்சிருச்சுடா. கொஞ்ச நாளு நடந்தா சரியாயிரும்."

நம்பினேன். மூட்டை சுமந்து அப்பாவின் இடுப்பு சீக்கிரம் சரியாக வேண்டும் என்று தினமும் மாரியம்மனைக் கும்பிட்டேன்.

எழுதியது: தைப்பொங்கலுக்கு மறுநாள், அப்பாவுக்குப் படையல் வைத்த பிறகு.