கடைசியாகப் பிறந்த ஏரி

பிளாட் ஆற்றில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கினால் போதும், எல்ராய் லெப்சாக்குக்குக் கை அரிக்கும். உடனே போனை எடுத்துவிடுவார்.

கொலராடோவில் எங்கள் பக்கத்துத் தண்ணீர்ச் சட்டம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எவன் வாய்க்கால் முதலில் வெட்டப்பட்டதோ அவனுக்கு முதல் தண்ணீர். மூத்த வாய்க்காலுக்குப் பங்கு குறைந்தால் அதன் தலைவர் தண்ணீர்க் கமிஷனருக்குப் போன் போட்டு ‘ஆற்றைக் கூப்பிடலாம்’. கூப்பிட்டதும் மேலே இருக்கிற மதகுகளும், ஆற்றின் அடிநீரை இழுக்கிற கிணறுகளும், கடைசியாகப் பிறந்ததில் தொடங்கி, ஒவ்வொன்றாக மூடப்படும். எங்கள் காட்டன்வுட் வாய்க்கால்தான் இந்தப் பக்கத்திலேயே மூத்தது. எல்ராய் அதன் தலைவர். வெட்டியது என்னவோ வேறு யாரோ. ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரரான அவர் தாத்தா, பீட்ரூட் வயலில் முட்டி தேயக் களை எடுத்து, பின்னாளில் அதில் பங்கு வாங்கினார். எல்ராய் பேசுவதைக் கேட்டால் மட்டும், அன்றைக்கு மண்வெட்டி பிடித்தவரே அவர்தான் என்று தோன்றும்.

பக்கத்துப் பண்ணை ரூபன் அர்ச்சுலெட்டாவின் கிணற்றை ஒரு ஜூலையில் இப்படித்தான் மூடவைத்தார். வெங்காயம் திரளும் நேரம். காபிக்கடையில் ரூபன் முகம் செத்து உட்கார்ந்திருந்தபோது, எல்ராய் முட்டையை முள்கரண்டியால் குத்திக்கொண்டே கேட்டார்.

“தண்ணி பத்தலையா ரூபன்? கொஞ்சம் முன்னாடியே பொறந்திருக்கணும்பா.”

கடையே சிரித்தது. ரூபனும் சிரித்துவைத்தார். வெங்காயம் அந்த வருடம் கோலிகுண்டு அளவில் நின்றுபோனது. அதிலிருந்து, தண்ணீர் இல்லை என்று எவன் வாயைத் திறந்தாலும் எல்ராய் கையில் இதே பதில்தான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ஏரி வந்து வாய்த்தது. வாய்க்காலின் தலைமதகுக்கு மேலே, ஆற்றங்கரையில், அவருக்கு ஒரு துண்டு நிலம். மேலே புல், கீழே சரளை. ஒரு கம்பெனி வந்து நெடுஞ்சாலை போடச் சரளையைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனது. அந்தச் சாலையில் கார் ஓட்டுகிறவர்களிடமெல்லாம் “நீ உருட்டுறது என் நிலத்து மேல” என்று பெருமை பேசினார். குழிக்குள் ஆற்றுத் தண்ணீர் அடிவழியே கசிந்து, நீலமாக நிறைந்தது. எல்ராய் தண்ணீருக்குள் நீட்டி ஒரு மரத்துறை கட்டினார், படகு வாங்கினார், மீன் விட்டார். ‘நீந்தாதே, மீன் பிடிக்காதே’ என்று நான்கு பக்கமும் பலகை வைத்தார்.

“சூரியனைத் தவிர ஒருத்தரும் இதை அனுபவிக்கலை” என்றாள் அவர் மனைவி ட்வைலா.

கம்பெனிக்காரர் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். திறந்து கிடக்கும் தண்ணீரை வெயில் குடிக்கிறது. குடித்தது ஆற்றுத் தண்ணீர். அதை ஆற்றுக்குத் திருப்பித் தர வேண்டும். இதுவரை நாங்கள் தந்தோம், இனி உங்கள் பாடு.

எல்ராய் வயிறு குலுங்கச் சிரித்தார். “வெயில் குடிக்கிறதுக்கு நான் பொறுப்பா? போய் வெயில்கிட்ட கேளுங்க.”

காபிக்கடையில் ரூபனும் சொல்லிப் பார்த்தார். “சரளைக்கு அடியில இருந்தவரைக்கும் அந்தத் தண்ணி வெயில் கண்ணுல படலை. போர்வையை உருவினது நீதானப்பா.”

“வயித்தெரிச்சல்” என்று ஒரே வார்த்தையில் எல்ராய் அதை முடித்துவிட்டார். சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது. இருந்ததெல்லாம் போன் ஒன்றுதான்.

மறு வருடம் மலையில் பனி சரியாக விழவில்லை. ஆகஸ்டில் ஆறு எலும்பும் தோலுமாகக் கிடந்தது. எல்ராயின் சோளம் கதிர் விட்டு, பால் பிடிக்கிற சமயம். வாய்க்காலில் பங்கு குறைந்தது. எல்ராய் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் ஆற்றைக் கூப்பிட்டார்.

இரண்டொரு நாளில் தண்ணீர்க் கமிஷனர் ஜோலின் அவர் வாசலில் வண்டியை நிறுத்தினாள். சின்ன வயது, சிரிக்காத முகம்.

“எல்லா மதகையும் சாத்தியாச்சா?” என்றார் எல்ராய்.

“சாத்திட்டே வரேன் சார். கடைசியாப் பொறந்ததுலேர்ந்து ஆரம்பிக்கணும்ல? அதான் இங்க வந்தேன்.”

“இங்க எதுக்கும்மா?”

“உங்க ஏரிக்கு. இந்த ஆத்துல அதைவிட இளசு வேற எதுவும் இல்ல.”

எல்ராய் படியிறங்கி அவளிடம் வந்தார். “என் ஏரி, என் வாய்க்கால் தண்ணியைத் திருடுதுங்கிறியா?”

“நான் சொல்லலை. நீங்கதானே போன் போட்டுச் சொன்னீங்க.”

“ஏரியை எப்படிம்மா சாத்துறது?”

“குழியை மண்ணைப் போட்டு மூடலாம். சரளையைத் திரும்பக் கொண்டாரணும்னா நெடுஞ்சாலையைப் பேர்த்தெடுக்கணும். இல்லன்னா வெயில் குடிச்ச அளவுக்கு ஆத்துல தண்ணி விடுங்க. வயலுக்கு வர உங்க பங்கை எடுக்காம விட்டாலும் சரி. வேற யார்கிட்டயாவது அதுக்கு ஈடாத் தண்ணி வாங்கி விட்டாலும் சரி.”

“யார்கிட்ட இருக்கு?”

“ரூபன்கிட்ட. கிணத்தை மூடினப்புறம் அவர் ஆத்தோட மேல்பக்கம் ஒரு குட்டையில தண்ணி சேத்து வச்சிருக்கார்.”

கூப்பிட்டதைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஒரு குழிக்காக வாய்க்காலின் உரிமையைத் தலைவரே விட்டுக்கொடுத்தார் என்றால் பங்காளிகள் தோலை உரித்துவிடுவார்கள். ரூபனிடம் போகலாம். போய் என்னவென்று கேட்பது? எல்ராய் வயல் மடையைத் தன் கையாலேயே சாத்தினார். காட்டன்வுட் வாய்க்கால் நிறைந்து, அவர் வயலைத் தாண்டி, அடுத்தவர் வயலுக்குப் போனது.

வாரத்துக்குள் சோளத்தின் இலைகள் சுருட்டுப்போலச் சுருண்டன. எல்ராய் வரப்பில் நின்றிருந்தபோது ரூபனின் வண்டி பக்கத்தில் வந்து நின்றது.

“என்னப்பா எல்ராய், சோளம் காயுதே?”

ரூபன் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பழைய வசனத்தை ரூபன் திருப்பி வீசியிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம்.

“ஏரி கொஞ்சம் லேட்டாப் பொறந்துடுச்சு” என்றார் எல்ராய்.

ரூபன் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். “குட்டையில தண்ணி கிடக்கு. ஒரு வார்த்தை கேளு, நாளைக்கே திறந்துவிடுறேன்.”

ஒரே ஒரு வார்த்தை. வயல் பிழைத்திருக்கும். எல்ராய் வாயைத் திறந்தார். அதிகாரம் பண்ணியே பழகிய வாய். அதில் கேட்கும் சொல் எதுவும் வரவில்லை.

“வெயில் ஜாஸ்தி” என்றார்.

ரூபன் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சோளத்தை மாட்டுத் தீவனத்துக்கு வெட்டிக்கொண்டு போன அன்று, ட்வைலா அவரோடு சாப்பிட உட்காரவில்லை. முட்டைக்கோஸும் இறைச்சியும் வைத்துச் சுட்ட ரொட்டி இரண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எல்ராய் அதை எடுத்துக்கொண்டு மரத்துறையில் போய் உட்கார்ந்தார். ஏரி நீலமாக, அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. சூரியன் சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது. எல்ராயின் கை பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தது. யாருக்குப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.