தவமணி அக்கா வேண்டாமென்ற சத்தம்

கடைக்கு வந்த உர மூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது. தவமணி அக்காவின் மகள் மாலதி. "மாமா, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள். அழவில்லை. "விடியக் கோப்பி கேட்டவா. நான் கொண்டுபோகேக்கை கண்மூடிக் கிடந்தவா. நித்திரை எண்டுதான் நினைச்சனான்." மாங்குளம் சந்தியில் கைபேசியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நான் வழியை மறித்து நிற்கிறேன் என்பது சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது.

வட்டக்கச்சியில் அக்காவின் கொட்டிலில் படம் பார்த்தவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணாக மட்டும் தெரிந்திருக்கும்.

கணவரை முந்திய இடப்பெயர்வொன்றில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு, வீட்டோடு சேர்த்துத் தகரக் கூரை இறக்கி, சனம் உட்கார வாங்குகள் போட்டு, பெரிய ரீவியும் ஜெனரேற்றரும் வாங்கிப் படம் காட்டத் தொடங்கினார். மகன் ரமணன் படத்தட்டுகளைத் தேடிக் கொண்டுவருவான். அக்கா வாசலைப் பார்த்துக்கொள்வார். யாராவது தேம்பினால் இருட்டுக்குள்ளிருந்து அவருடைய குரல் வரும்: "அழுறதெண்டால் வெளியிலை போய் நல்லா அழுதிட்டு வாங்கோ. மற்றவைக்குக் கதை கேக்கவேணும்."

முற்றத்து மூலையில், குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய பழைய பங்கர் ஒன்று இருந்தது. சமாதானம் வந்ததும் ஊரில் எல்லோரும் தங்கள் குழிகளை மூடி அதன்மேல் வாழை வைத்தார்கள். அக்கா மூடவில்லை. மழைக்குப் பிறகு தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு, விளிம்பைத் திருத்தி வைப்பார். "இனித் தேவைப்படாதெண்டு ஆர் எனக்கு எழுதித் தருவினம்?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

லண்டனிலிருந்து அவருடைய தமையனின் மகன், மருமகன் முறையானவர், ஊருக்கு வந்தபோது ஒரு கறுப்புப் பெட்டியையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்தார். பெட்டிக்குப் பெயர் றிசீவர். சத்தத்தைப் பிரித்து நான்கு பக்கத்திலிருந்தும் தருமாம். பொருத்த நேரமில்லாமல் அவர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். ரேடியோக்களைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததால் ரமணன் என்னைக் கூப்பிட்டான்.

இரண்டு பேரும் ரீவிக்குப் பின்னால் தவழ்ந்தோம். அங்கே சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள் இருந்தன. அவற்றிலிருந்து றிசீவருக்கு வயர் இழுத்தோம். முன்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் முழங்கின. நடுவிலும் பின்னாலும் இருந்தவை ஊமையாகவே கிடந்தன. வயர்களை மாற்றி மாற்றிச் செருகினோம். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா தேத்தண்ணியோடு வந்து பார்த்தார். "அஞ்சு பேரைக் கூப்பிட்டு இருத்திப்போட்டு ரெண்டு பேரை மட்டும் கதைக்க விடுறியள்."

தொலைபேசி நிலையத்துக்குப் போய் மருமகனிடம் கேட்டோம். அந்த ரீவியிலிருந்து எப்படி இழுத்தாலும் இரண்டு பக்கச் சத்தம்தான் வரும் என்றார் அவர். முழுச் சத்தமும் படத்தட்டில் இருக்கிறது. டிவிடி பெட்டியிலிருந்து ஒரே வயரை நேரே றிசீவருக்குக் கொடுங்கள். ரீவிக்குப் படம் மட்டும் போனால் போதும் என்று விளக்கினார். அந்த வயரை வவுனியாவுக்குப் போன ஒருவரைக் கொண்டு வாங்குவித்தோம்.

அதைச் செருகியதும் றிசீவரிலேயே சோதனைச் சத்தம் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். காற்று இரைவது போன்ற ஒரு சீறல், ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கொட்டிலைச் சுற்றி வந்தது. அக்கா நடு வாங்கில் இருந்தார். சீறல் அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்தபோது சட்டென்று எழுந்து நின்றார். "உது நல்லாயில்லை" என்றார்.

"அம்மா, வேலை செய்யுதெண்டு பாக்கத்தானே போட்டனாங்கள்" என்றான் ரமணன். அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

பேச்சுவார்த்தை பற்றிய செய்திகள் குறைந்து, வீதிகளில் வெடித்த கண்ணிவெடிகள் பற்றிய செய்திகள் கூடிக்கொண்டிருந்த காலம் அது. முதல் நாள் ஒரு சண்டைப் படம் போட்டோம். வாங்குகள் நிறைந்து, சனம் நிலத்திலும் இருந்தது. அரைவாசியில் ஒரு விமானம் வந்தது. திரையில் இன்னும் அது தெரியவில்லை. சத்தம் மட்டும் பின்பக்கத் தகரத்திலிருந்து கிளம்பி, எங்கள் தலைக்கு மேலால் முன்னுக்குப் போனது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தாய்மார் பிள்ளைகளின் மேல் கவிழ்ந்தார்கள். வாசலுக்குக் கிட்ட இருந்தவர்கள் முற்றத்துப் பங்கருக்கு ஓடினார்கள். அதற்குள் குதித்த முருகேசு அண்ணருக்குக் கால் முறிந்தது. நானும் வாங்குக்குக் கீழே கிடந்தேன். அக்கா ஜெனரேற்றரை நிறுத்திய பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்து ஒருவரையொருவர் பார்த்தோம். சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

முருகேசு அண்ணரை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வந்த கையோடு அக்கா பின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றினார். ரமணன் தடுத்தான். "படம்தானே அம்மா! சனம் பழகிடும்."

"பழகக் கூடாதெண்டுதான் கழட்டுறன்" என்றார் அக்கா. "பழகிச்சுதெண்டால், உண்மையா வரேக்கையும் படமெண்டு நினைச்சுக்கொண்டு இருப்பினம்."

அது உண்மையாக வருவதற்கு அதிக காலம் எடுக்கவில்லை. பாதை மூடப்பட்டது. வவுனியாவில் படிக்கப் போயிருந்த மாலதி அங்கேயே நின்றுவிட்டாள். எரிபொருள் இல்லாமல் ஜெனரேற்றர் நின்றது. பிறகு வட்டக்கச்சியை விட்டு எழும்பினோம். அக்கா ரீவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அரிசி, கூரைக்குத் தறப்பாள், மண்வெட்டி, வாளி மட்டும் எடுத்தார். போய் இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் அடுப்பு மூட்டுவதற்கு முன் பங்கர் வெட்ட வைத்தார். கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கியது. கடைசியில் முள்ளிவாய்க்காலில், மணலுக்குள், பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருந்தோம்.

அங்கே அக்காவின் காதை நம்பித்தான் சுற்றியிருந்த குடும்பங்கள் வெளியே போய் வந்தன. பீரங்கிச் செல் எழும்பும் சத்தம் கேட்டதும் தலையைச் சரித்துச் சொல்வார்: "இது எங்களுக்கு. கிடவுங்கோ." இல்லாவிட்டால், "இது எங்களுக்கில்லை." அவர் சொல்லித் தவறியதை அதுவரை நான் காணவில்லை.

ஒருநாள் மத்தியானம் பனைகளுக்கு அப்பால் கஞ்சி கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். ரமணன் வாளியோடு குழியின் விளிம்பில் நின்றான். தூரத்தில் எழும்பிய சத்தம் பக்கத்துக் குழியில் இருந்த எனக்கும் கேட்டது. அக்கா தலையைச் சரித்தார். "எங்களுக்கில்லை. கெதியாப் போட்டு வா" என்றார்.

அவன் அந்தப் பனைகளைத் தாண்டவில்லை.

மணலில் அவனைப் புதைத்தபோது அக்கா அழுததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் எந்தச் சத்தத்துக்கும் திசை சொல்லவில்லை. சனம் வந்து, "அக்கா, இது எங்கை விழும்?" என்று கேட்கும். "எனக்குக் கேக்கேல்லை" என்பார். காது நன்றாகத்தான் கேட்டது. போர் முடிந்து அடைக்கப்பட்ட முகாமிலும், பிறகு மாலதியோடு வவுனியாவில் வாழ்ந்த காலத்திலும், அதையே சொல்லிச் சொல்லி மற்றவர்களையும் நம்ப வைத்துவிட்டார். மகள் வாங்கிய ரீவிக்கு முன்னால், சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன பொங்கலுக்கு அடுத்த நாள் போயிருந்தேன். மாலதி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாள். அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அண்டைக்கு உனக்கு அது என்னண்டு கேட்டது?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. "தூரப் போறமாதிரித்தான் அக்கா கேட்டது. நானெண்டாலும் போகச் சொல்லித்தான் இருப்பன்."

"எனக்காகச் சொல்லுறியோ?"

"இல்லை அக்கா. அப்பிடித்தான் கேட்டது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப சரி" என்றார். மாலதியைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். தானும் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டார்.

செத்தவீட்டில் வெடி கொளுத்தவில்லை. வேண்டாமென்று முன்னமே சொல்லிவைத்திருந்தாராம். சுடலை வரைக்கும் செருப்புகள் மண்ணில் உரசும் ஓசைதான் கூட வந்தது.

அக்கா, நீங்கள் என்னை நம்பினீர்கள். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நம்பிக்கைதான். அந்த மத்தியானத்தின் சத்தத்தை அந்தக் குழிகளில் ரமணனுக்காகக் காது கொடுத்துக் கேட்டவர்கள் நாம் இரண்டு பேர். இனி நான் ஒருவன்தான்.