திறந்து பாராத பார்சல்

இந்த நாட்டில் பரிசு கொடுத்தால், கொடுத்தவரின் முகத்துக்கு முன்னாலேயே கிழித்துப் பார்க்கிறார்கள். மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேலில், பக்கத்து வீட்டுக்காரி முதன்முதல் அப்படிச் செய்தபோது எனக்குப் பெரிய கூச்சமாகிப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் வாங்கி ஒரு பக்கம் வைப்பதுதானே மரியாதை? அந்த மரியாதைதான் செல்வம் அண்ணையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

அண்ணை இங்கே எங்கள் தெருவில் இருந்த ரயில்வே எஞ்சினியர், தங்கமான மனுசன். லீவில் ஊருக்குப் போனவரிடம், பிள்ளை பெற்றிருந்த எனக்கென்று அம்மா லேகியம் கொடுத்துவிட்டார். துணியில் சுற்றித் தைத்த பொதி. மெல்பேர்ண் விமான நிலையத்தில் சுங்கக்காரர் அதைப் பிரித்தார்கள். ஊர் வைத்தியர் பரியாரியார் வழமைபோல் மருந்தோடு அரைத்த கஞ்சா இலை அதில் இருந்தது.

பிடித்தது மத்திய அரசின் சுங்கச் சட்டம், விசாரித்ததோ விக்ரோறியா மாநில நீதிமன்றம், எங்கள் பேச்சில் கோடு. இங்கே மத்திய அரசுக் குற்றங்களுக்கும் அப்படித்தானாம். அண்ணை தெரியாமல்தான் கொண்டுவந்தார் என்று ஜூரியை நம்பவைக்க வேண்டும் என்றார் எங்கள் வழக்கறிஞர் அப்புக்காத்து. தோற்றால் மறியல், அதாவது சிறை, பிறகு நாடுகடத்தல். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் உடம்புக்கென்று கொண்டுவந்த மருந்தல்லவா!

சாட்சிக் கூண்டில் நானே ஏறினேன். படித்த மனிதர் ஒருவர் உள்ளே என்னவென்று கேட்காமலா கொண்டுவருவார் என்று அரச தரப்பு வழக்கறிஞர் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்!

"கேட்டிருந்தால் என் அம்மாவைச் சந்தேகப்பட்டதாகிவிடும். பிறகு எந்த முகத்தோடு அவர் எங்கள் வாசலுக்கு வருவது?" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

மத்திய அரசு வழக்கென்றால் ஜூரியில் பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் முரண்டு பிடித்தாலும் தீர்ப்பில்லை. பின்னேரம் வந்து, "நொட் கில்ரி", குற்றவாளி இல்லை என்றார்கள். பன்னிரண்டு பேரும்! எங்கள் பழக்கத்தைக் கேள்விப்பட்டேயிராத சனம் எங்களை நம்பிவிட்டது. கோடென்றும் பாராமல் ஓவென்று அழுதேன். அன்று ரயிலில் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருஷம் அண்ணை மறுபடி ஊருக்குப் புறப்பட்டார். பிள்ளையின் படங்களையும் அம்மாவுக்கு ஒரு கைப்பையையும் பொதியாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்து, திறந்து பார்த்துவிட்டுக் கொண்டுபோகச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "தங்கச்சி, கோட்டிலை சொன்னதை இப்ப நீரே பொய்யாக்கிறீரோ?"

திறக்காமலே பெட்டிக்குள் வைத்தார். நான்தான், அவர் பத்திரமாக ஊருக்குப் போய் இறங்கிய செய்தி வரும்வரை, நானே கட்டிய பொதியைச் சுங்கக்காரியைப் போல மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.