கொச்சிக்கடையில் நின்ற புள்ளி

சரக்கு ஏற்றி அனுப்பும் கம்பனியொன்றில் வேலை செய்துகொண்டே டிஜிட்டல் லொஜிஸ்டிக்ஸ் முதுமாணி படிக்கிறேன். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் படிப்பு. ஒரு சனிக்கிழமை, பரீட்சைக்காகப் பொருளொன்று போகும் வழியை ஒன்லைன் வகுப்பில் நேரலையாகக் காட்ட வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்த பொருள் கத்தரிக்காய்ப் பால்கறி. சாரதி என் கணவர். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். அவருடைய ஃபோன் என் திரையில் நீலப் புள்ளியாக நகர்ந்தது.

வழியில், கொச்சிக்கடையில் புள்ளி நின்றுவிட்டது. 'காரணமற்ற தரிப்பு' என்று நான் செய்த செயலி சிவப்பில் காட்டியது. செயலி கண்டுபிடித்துவிட்டதே என்று விரிவுரையாளர்கள் பாராட்டினார்கள். எனக்கோ விபத்து என்றுதான் தோன்றியது. கண்டெய்னர் லொறிகள் ஓடும் பக்கம் அது. அழைத்தேன், மணி அடித்ததே தவிர அவர் எடுக்கவில்லை. கெமராவை நிறுத்திவிட்டு அழுதே விட்டேன்.

சற்றுப் பிறகு புள்ளி நகர்ந்தது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவரே அழைத்தார்.

"ஏனப்பா ஃபோன் எடுக்கேல்லை?"

"கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள்ள நிண்டனான், சத்தத்தை நிப்பாட்டிப் போட்டன். இண்டைக்கு உமக்குச் சோதினை எல்லோ? ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான்."

காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவரும் இவர்தான்!

இப்போது கம்பனி லொறி எங்காவது நின்றால், தாமதம் என்று பதியுமுன் சாரதியை அழைத்து விசாரிக்கிறேன். என் கணவரை மட்டும் விசாரிப்பதில்லை. அவருடைய புள்ளி கொச்சிக்கடையில் நின்றால், பேசாமல் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்கத் தொடங்கிவிடுகிறேன்.