ஒட்டாத பட்டைகள்

வெள்ளானூரில் எத்திராஜின் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய வண்டியெல்லாம் இல்லை, பின்னால் தகரப் பெட்டி வைத்த பழைய மினி லாரிதான். ஆனால் மினுக்கும். தினமும் காலையில், டீசலில் நனைத்த துணியால் முகப்பிலிருந்து பின்கதவு வரை, பெட்டிக்கு உள்ளேயும்கூட, ஓர் இடம் விடாமல் துடைத்துவிட்டுத்தான் கற்பூரம் காட்டுவார். டீசல் வாடைக்கு நடுவே நெருப்பு கொளுத்துகிறாரே என்று பயந்து தள்ளி நின்றவர்கள் உண்டு. கிளீனராக இருந்த காலத்தில் டிரைவர் அய்யாசாமி பழக்கிவிட்ட பழக்கம் அது. துரு ஏறாது, பளபளப்பு போகாது. முதுகு பிடித்துக்கொண்ட நாளில்கூட விட்டதில்லை. என் தலையைத் தடவிக்கொடுத்ததைவிட அந்தத் தகரத்தைத் தடவிக்கொடுத்ததுதான் அதிகம் என்று மனைவி கோமளா சொல்வாள். சொல்லிவிட்டு, அந்தத் துணியை அவளேதான் அலசிக் காயப்போடுவாள்.

அந்தப் பெட்டிதான் இப்போது அவர் கழுத்துக்குக் கத்தியாக வந்திருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஊசிமருந்துக்கான கண்ணாடிக் குப்பி செய்யும் கம்பெனி ஒன்று. அங்கிருந்து பூந்தமல்லி குடோனுக்குத் தினம் ஒரு நடை. காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். எத்திராஜுக்கு அந்தச் சாப்பாட்டு நேரம்தான் முக்கியம். கோமளாவுக்கு வலிப்பு. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தாளே, அதிலிருந்து. மாத்திரை போட்டாலும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஒருமுறை எரிகிற அடுப்பின் மேலேயே விழுந்து இடது கை வெந்துபோனது. அன்றைக்கு எத்திராஜ் விஜயவாடாவுக்கு இந்தப் பக்கம் எங்கோ லோடோடு போய்க்கொண்டிருந்தார். அத்தோடு வெளியூர் லைனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அலைந்து திரிந்து இந்த நடையைப் பிடித்தார்.

காலையில் அடுத்த வீட்டு முத்தம்மாள் எட்டிப் பார்த்துக்கொள்வாள். மத்தியானம் அவளும் வேலைக்குப் போய்விடுவாள். எதிரே புதிதாக வந்த ஃப்ளாட்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. மகள் ரோஷினி கோவையில், கைக்குழந்தையோடு. ஆக, இந்த நடை போனால் மறுபடி வெளியூர் லைன்தான். லைனுக்குப் போனால் வாரக்கணக்கில் கோமளா தனியாக.

பெட்டியின் பக்கச் சுவர் மெல்லிய தகடு. அது ஆடாமல் இருக்க, உள்பக்கம் மேலிருந்து கீழாக இரும்புப் பட்டைகளை வைத்து ஒட்டியிருப்பார்கள். இடது பக்கத்தில் அப்படி நான்கு பட்டைகள். பழைய பசை காய்ந்து உதிர்ந்து, நான்குமே கழன்றுகொண்டன. தாங்குவதற்கு ஆளில்லாத தகடு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கிலும் படபடவென்று அடித்துக்கொண்டது. அடித்த அடியில் பெட்டி பெட்டியாகக் குப்பிகள் விரிசல் விட்டன. வெல்டிங் வைத்தால் தகடு ஓட்டையாகிவிடும். ரிவெட் அடித்தால் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், அட்டைப்பெட்டி நனையும். ஒட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

கம்பெனியில் சரக்கு அனுப்புகிற இடத்துக்குப் பொறுப்பாளர் ஹேமநாதன். கோபக்காரர் இல்லை, அதுதான் இன்னும் பயம். உள்ளங்கையால் பெட்டியைப் படார் படார் என்று தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன்ணே. அப்பவும் ஆடுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. மேல கேக்கறாங்க."

எத்திராஜ் முதலில் வாங்கியது நொடியில் ஒட்டும் பசை. விரல்தான் ஒட்டிக்கொண்டது. பட்டை, பூந்தமல்லி போகிற வழியில் பருத்திப்பட்டு ஊரைத் தாண்டுவதற்குள் விழுந்துவிட்டது. அடுத்து, இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற எபாக்ஸி. கல்லாக இறுகியது. ஆகா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். திரும்பி வருகையில் அது ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது. ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவரிடம் கெஞ்சி வாங்கிய சிலிக்கான், புளித்த காடி நாற்றம் அடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

கடைசியில் அம்பத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ராகவனிடம் போய் நின்றார்.

"ஆடற தகடுக்குக் கல்லு மாதிரி இறுகற பசை ஆவாதுண்ணே," என்றார் ராகவன். "அதுகூடவே ஆடணும், ஆனா வுடக்கூடாது. கார் கண்ணாடி ஒட்டறாங்களே, அந்த பி.யூ. பசை டியூப் எடுத்துக்கினு போ. நல்லா தொடச்சிட்டுப் போடு. ஒரு நாள் முழுக்க வண்டிய அசைக்காத."

எத்திராஜ் நன்றாகத்தான் துடைத்தார். தகட்டையும் பட்டையையும் முகம் தெரிகிற மாதிரி துடைத்தார். பசை போட்டு, முட்டுக் கொடுத்து, ஒரு நாள் வண்டியை அசைக்கவில்லை. சனிக்கிழமை பெட்டியைக் கையால் குலுக்கிப் பார்த்தார். நான்கு பட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன.

அவர் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது தாண்டிய மனுஷன், தகரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். டீ கொண்டுவந்த கோமளா தகட்டில் தொங்கிய பசையை நுனி விரலால் இழுத்தாள். அது முழுசாகக் கையோடு வந்தது.

"இன்னாய்யா இது, எண்ண தடவன கல்லுல தோச வர மாரி வருது?"

எத்திராஜ் நிமிர்ந்தார். பசையை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்தார். இரண்டிலும் ஒரே வாடை. பெட்டிக் கதவில் ஆணியடித்து மாட்டியிருந்த டீசல் துணியைப் பார்த்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒவ்வொரு தடவையும் பசை போடுவதற்கு முன்னால், சுத்தமாக இருக்கட்டும் என்று, அதை வைத்துத்தான் துடைத்திருந்தார். எந்தப் பசை மேலேயும் தப்பில்லை. இத்தனை வருஷம் ஆசை ஆசையாகத் தடவிய எண்ணெய்தான் ஒன்றையும் ஒட்டவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராகவன் கடை அரை நாள் திறந்திருந்தது. ஒரே ஒரு டியூப்தான் மிச்சம் இருந்தது. எத்திராஜ் உப்புத்தாளால் தேய்த்தார், தின்னரால் துடைத்தார், துணியை மாற்றி மாற்றித் துடைத்தார். தகடு பளபளப்பு போய் வெளிறி நின்றது. அதைப் பார்க்க அவருக்கே சகிக்கவில்லை. பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து சவுக்குக் கழிகள் கேட்டு வாங்கிவந்து, எதிர்ச்சுவருக்கும் பட்டைக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார். இரண்டு பட்டைகள் நின்றன. மூன்றாவதுக்கு ஒரு கழி மிச்சம் இருந்தது, நான்காவதுக்குக் கழி போதவில்லை.

"நவுரு, நான் முதுக வச்சி சாஞ்சிக்கிறேன்," என்று கோமளா ஏறினாள்.

"வேணாம்மே. நாத்தம் தலைக்கு ஏறும்."

"கதவு தெறந்துதான கீது. ஒரு அர மணி நேரம் நான் ஒக்காரக் கூடாதா? எனக்கோசரம்தான நீ இந்தப் பாடு படற?"

அவர் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை.

மூன்றாவது பட்டையைத் தோளால் அழுத்திக்கொண்டு கழியைத் தட்டி நிறுத்திக்கொண்டிருந்தபோது, பின்னால் தகரத்தில் குதிகால் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கழியை விட்டார், பட்டையை விட்டார், பாய்ந்து அவளைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார். இரண்டு பட்டைகளும் பசையோடு அவர்கள் மேலேயே சரிந்தன. அவள் முடியெல்லாம் பசை, புடவையெல்லாம் பசை. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "தோ கீறேன், தோ கீறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் கண் திறந்து கேட்ட முதல் வார்த்தை, "பட்ட ஒட்டிக்கிச்சா?"

அதற்குள் பசையின் மேல் தோல் கட்டிவிட்டது. டியூபில் ஒரு சொட்டு இல்லை. இருந்த பசையோடு வைத்து அழுத்தினார், சாமி பேர் எல்லாவற்றையும் சொல்லி அழுத்தினார். அவள் முடியில் ஒட்டியதோ எதற்கும் விடவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே ஒட்டவில்லை, ஒட்டக் கூடாத இடத்தில் உயிரை விட்டாலும் விடமாட்டேன் என்றது.

திங்கட்கிழமை ஹேமநாதன் வழக்கம்போல உள்ளங்கையால் தட்டினார். முதல் இரண்டு இடத்தில் தகடு அமைதியாக இருந்தது. மூன்றாவது இடத்தில் படபடத்தது. நான்காவதைத் தட்டவே தேவைப்படவில்லை.

"இன்னும் ஒரே ஒரு நாள் குடு சார். இன்னா தப்புன்னு கண்டுபுடிச்சிட்டேன் சார். என்னோட தப்புதான் சார்."

"வேற வண்டி சொல்லியாச்சுண்ணே," என்றார் ஹேமநாதன், அவர் முகத்தைப் பார்க்காமல். பின்னால் அந்த வேறு வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. எத்திராஜ் தன் வண்டியை எடுத்து அதற்கு இடம் விட்டார்.

பூந்தமல்லி புக்கிங் ஆபீசில் குப்பி மாதிரி உடையாத சரக்குக்கு எப்போதும் ஆள் தேவை. நாக்பூருக்கு ரப்பர் சாமான். சரி என்று சொல்லிவிட்டு வந்தவர், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கோமளா வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். கேட்காமலே அவளுக்குப் புரிந்தது.

"நானும் வரேன்," என்றாள்.

"பைத்தியமாமே உனக்கு? கேபின் முழுக்க இரும்பு. ஓடற வண்டில வந்துச்சுன்னா?"

"ஊட்ல வந்தா மட்டும் யார் கீறா? வண்டில வுழுந்தா பக்கத்துல நீ கீற."

மறுநாள் தடிமனான ரப்பர் பஞ்சும், ராகவன் கடைக்குப் புதிதாக வந்த டியூபும் வாங்கிவந்தார். கேபினில் அவள் உட்காரும் பக்கம் டேஷ்போர்டு விளிம்பு, கதவுப் பிடி, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கை பழக்கத்தில் டீசல் துணிக்குப் போயிற்று. அதை ஆணியிலிருந்து எடுத்துச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார். தின்னரால் துடைத்து, பசை வைத்து, பஞ்சை அழுத்தி, கயிறு கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தார்.

கிளம்புகிற காலையில் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அவள் தலை எங்கே மோதும் என்று யோசித்தார். குனிந்து தன் நெற்றியை அந்த விளிம்பில் இடித்துப் பார்த்தார். வலிக்கவில்லை. நம்பிக்கை வராமல் இன்னும் ஓங்கி இடித்தார், மறுபடியும் இடித்தார்.

கையில் மாத்திரைப் பையும் தலையணையுமாக வந்த கோமளா கீழே நின்று பார்த்தாள். "இன்னாய்யா பண்ற?"

"ஒண்ணுமில்லமே," என்றார் எத்திராஜ், நெற்றியைத் தடவிக்கொண்டு. "ஏறு."