சும்மாக் கிடந்த கிட்டார்

என் சித்தி மகளை எங்கள் குடும்பத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் சம்பளத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் வாங்கி வந்து, அவள் வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். அந்த மாடியிலிருந்த வீடுகளெல்லாம் இருண்டு போயின. எதிர்வீட்டுக்காரர் எலெக்ட்ரிக் ரேசரால் பாதி மீசையை எடுத்திருந்த நேரம். மீதி மீசையோடு அவர் வாசலில் நின்று கத்தியதை நாங்கள் இன்றும் நடித்துக் காட்டுவோம். அன்றிலிருந்து அவள் ஃபியூஸ்.

அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். முன்னால் இல்லை, பின்னறையில். லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி அரைத்துக் கொடுப்பது அவள் வேலை. கடைக்கு வருகிறவர்களுக்கு இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது. அவள் குடியிருப்பது, சித்தி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து விட்டுப்போன வீட்டில். ஆனால் பேச்சில் மட்டும் அது எப்போதும் 'அண்ணன் வீடு'. இவள் என்னவோ விருந்தாளி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டயர் கடையின் மாடிக்குப் போவாள். டயர் கடைக்காரர் டிரம்ஸ் அடிப்பார், பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண் பாடுவாள், இவள் கிட்டார். யாரும் மேடை ஏறியதில்லை, ஏறும் எண்ணமும் இல்லை. வாரம் முழுக்க லென்ஸ் அரைக்கும் இரைச்சலில் கிடந்தவளுக்கு அந்த ஒரு மத்தியானம்தான் தன்னுடையது. அதைக்கூட உறவுக்காரர்கள் 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா' என்று கேட்டார்கள். சீட்டாட்டத்துக்குப் போகும் எந்த ஆம்பிளையிடமும் வயதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவள் அண்ணனின் மாமியார் இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும். சொந்த மகளான அண்ணிக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லையாம். மருமகனான அண்ணனுக்கு முதுகுவலியாம். லென்ஸ் அரைப்பது என்ன பெரிய வேலை, அதற்கு லீவு போடலாமே என்று முடிவானது. ஃபியூஸ் போனாள். முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள். அந்தம்மாவை நடக்கவைத்து, டிஸ்சார்ஜ் செய்து கூட்டிக்கொண்டு வந்தால், அவள் அறையின் மூலை காலி. கிட்டாரும் இல்லை, ஆம்ப்ளிஃபையரும் இல்லை. வாசலில் புதிதாக ஒரு செருப்பு ஸ்டாண்டு நின்றது.

பழைய வாஷிங் மெஷினை விற்கும்போது, அண்ணன் கிட்டாரையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தான். கேட்டதற்கு, "சும்மாதானே கிடந்துச்சு. அந்தக் காசுல வீட்டுக்குத்தானே வாங்கிப் போட்டேன்" என்றானாம்.

விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலையே நான் அங்கே போய் நின்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

"சும்மாக் கிடக்காம என்ன பண்ணும்? வாசிக்கிறவ அங்க உன் மாமியாருக்கு பெட்பேன் பிடிச்சுட்டிருந்தா" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் எதையும் பெரிதாக்குகிறோம் என்று சொல்லிவிட்டு அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். வாங்கியவர் எங்கேயோ குடிபெயர்ந்து போய்விட்டார், போன் எடுக்கவில்லை. ஃபியூஸ் அழவில்லை. எனக்குத்தான் வயிறெரிந்தது.

கிட்டார் வாசிப்பவர்களுக்கு இடது கை விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கும். அந்தக் காய்ப்பு இருந்தால்தான் கம்பியை வலிக்காமல் அழுத்த முடியும். சில வாரம் வாசிக்காவிட்டால் அது உரிந்து போய்விடுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தடவிப் பார்ப்பதை நான் கவனித்தேன். தோல் உரிய ஆரம்பித்திருந்தது. டயர் கடைக்காரர் வேறொரு கிட்டார் ஆளை விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் காதில் விழுந்தது. புதிது வாங்க அவளுக்குக் கட்டுப்படியாகாது. பழையதாக, விலை குறைவாக, கைக்கு ஒத்துவருகிற ஒன்று வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும்.

போனில் தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். சிவப்பு நிறம், கேள்விப்படாத கம்பெனி. 'வாங்கி இரண்டு மூன்று முறைதான் தொட்டது, இரண்டு வருடமாகச் சும்மா இருக்கிறது, புதிது போல்' என்று விளம்பரம். என் ஸ்கூட்டரில் போனோம்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் நல்ல சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். என்னைப் பார்த்து, பையனுக்கா என்று கேட்டார். இல்லை, இவளுக்கு என்றேன். "ஓ, பரவாயில்லையே" என்று சிரித்தார். அந்தப் 'பரவாயில்லையே' எனக்குள் நெருப்பாக இறங்கியது. ஃபியூஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிட்டார் பையின் ஜிப்பை இறக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு கிட்டாரைச் சோதிப்பதை அன்றுதான் பார்த்தேன். அடிப்பக்கத்தை முகத்தருகே வைத்து, ஒரு கண்ணை மூடி, அதன் கழுத்து வளைந்திருக்கிறதா என்று நீளவாட்டில் பார்த்தாள். லென்ஸ் பார்க்கும் அதே பார்வை. பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை ஒவ்வொன்றிலும், அழுத்தி அழுத்தி மீட்டினாள். எங்காவது கரகரத்தால் அங்கே திரும்பப் போனாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, பாடி பளபளவென்று இருக்கிறது பாருங்கள், நிறம் மங்கவே இல்லை பாருங்கள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கார் விற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டயர் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த சின்ன ஆம்ப்ளிஃபையரில் வயரைச் சொருகினாள். கிட்டாரில் சத்தத்தைக் கூட்டும் திருகு லேசாகக் கரகரத்தது. வயர் சொருகும் இடத்தில் கொஞ்சம் ஆட்டம். பழைய சாமானுக்கு இதெல்லாம் சகஜம், துடைத்து முடுக்கினால் சரியாகிவிடும் என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வாரமே டயர் கடை மாடிக்குப் போய்விடலாம்.

அப்புறம் ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரு வீச்சு வீசினாள். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. மறுபடி வீசினாள். கையால் கம்பிகளை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரிடம் கடைசியாக யார் வாசித்தது என்று கேட்டாள்.

"யாரும் தொடறதே இல்லீங்க. ரெண்டு வருஷமா கட்டிலுக்கடியில சும்மாதான் கிடக்கு."

"சும்மாக் கிடந்தா சுருதி இறங்கிப் போயிருக்கும்ங்க. இது அச்சா சேர்ந்திருக்கு. கம்பியும் புதுசு, இப்பத்தான் மாத்தியிருக்காங்க. நேத்துகூட யாரோ வாசிச்சிருக்காங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். கடைக்காரன் மாற்றிக் கொடுத்திருப்பான் என்று மழுப்பினார். அதற்குள் சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி, எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "சீக்கிரம் முடிச்சுக்கங்களேன். அவ பஸ் வர்ற நேரமாச்சு" என்றார்.

அவர் திரும்பி ஒரு முறை முறைத்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான். இனி மறைக்க முடியாதே. அவர்களுக்கு ஒரு மகள். பள்ளியில் கடைசி வருடம், பரீட்சை வருகிறது. படிக்காமல் இதையே கட்டிக்கொண்டு அழுகிறாளாம். எல்லாம் அவள் நல்லதுக்குத்தானாம். மார்க் குறைந்துவிட்டதா என்று நான் கேட்டேன். குறையவில்லை, குறைந்துவிடக் கூடாதே என்றுதான் என்றார்.

"விக்கப் போறீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?" என்று ஃபியூஸ் கேட்டாள்.

"வந்ததும் சொல்லிக்கலாம். சின்னப் பொண்ணுதானே, ரெண்டு நாள் அழுவா, அப்புறம் மறந்துடுவா."

அவர் வாய் கூசாமல் அதைச் சொன்ன விதத்தில் என் சித்தி மகன் குரல் அப்படியே கேட்டது. அதற்கப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அந்தப் பெண் காசு சேர்த்துக் கம்பி மாற்றியிருப்பாள், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பஸ் வருவதற்குள் விற்கிறீர்கள், இதற்குப் பெயர் வேறு என்றேன். இது எங்கள் வீட்டு விஷயம் என்றார். வாங்குவதென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றார். சொல்லி வைத்தாற்போல அவர் போன் அடித்தது. அந்த அடுத்த ஆளுக்கு எந்த மாடி என்று என் கண் முன்னாலேயே வழி சொன்னார்.

வா போகலாம் என்று நான் எழுந்துவிட்டேன். ஃபியூஸ் எழவில்லை. கிட்டாரை மடியில் வைத்தபடி விரல் நுனிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். நாம் விட்டால் இன்னும் பத்து நிமிடத்தில் வேறொருவன் தூக்கிக்கொண்டு போவான், அப்புறம் அந்தப் பெண் எங்கே தேடுவாள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பேரம் பேசவில்லை. கேட்ட பணத்தை அப்படியே கொடுத்தாள். பிறகு அவரைத் தாண்டி சமையலறை வாசலுக்குப் போய், அந்தம்மாவின் போனில் தன் நம்பரைப் பதிந்து கொடுத்தாள்.

"இதை நான் வாங்கலைங்க, வெச்சிருக்கேன். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு உங்க பொண்ணு வந்து எடுத்துக்கட்டும். யார்கிட்ட இருக்குன்னு அவகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க."

அவர் அதெல்லாம் எதற்கு என்று சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கீழே வந்தபோது பள்ளி பஸ் வந்து நின்றது. நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். எந்தப் பெண் என்று எங்களுக்குத் தெரியாது. ஃபியூஸ் சட்டென்று கிட்டார் பையைத் தோளிலிருந்து இறக்கி, என் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். விற்றவர் மேலே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், காசு கொடுத்தவள் திருடி மாதிரி ஒளிகிறாள். ஸ்கூட்டரை உதைத்த உதையில் என் கால் ஒரு வாரம் வலித்தது.

வீட்டு வாசலில், அந்தச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அண்ணன் நின்றிருந்தான். பையைப் பார்த்ததும் மறுபடியும் ஒன்றா, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கப் போகிறது என்று ஆரம்பித்தான்.

"என்னுது இல்லண்ணா. ஒரு பொண்ணோடது. கொஞ்ச நாள் வெச்சிருக்கேன்" என்றாள்.

அவன் முகமே மாறிவிட்டது. "அடுத்தவங்க பொருளா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பதறிப்போய் வழிவிட்டான். மூலையில் கிடந்த நாற்காலியைத் தானே தூக்கி நகர்த்தினான். ஜன்னல் பக்கம் வைக்காதே, வெயில் படும் என்றான். அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று தன் மகனை மிரட்டினான். முதுகுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். முதலில் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டதாம். அப்புறம், சும்மா வைக்காதீர்கள் அக்கா, கம்பி துருப்பிடித்துவிடும், தினமும் வாசியுங்கள் என்று சொன்னாளாம். இப்போது ஃபியூஸ் அதோடுதான் டயர் கடை மாடிக்குப் போகிறாள். திருகைத் துடைத்து, வயர் சொருகும் இடத்தை முடுக்கிவிட்டாள், விரல் நுனிகள் மறுபடி காய்த்துவிட்டன. பரீட்சை முடிந்ததும் அதைக் கொடுத்துவிடப் போகிறாள். அதற்குள் தனக்கென்று வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் நான் போனபோது, வீட்டுக்கு வந்த ஒருவர் பொழுதுபோகாமல் அந்தக் கிட்டாரைத் தொடப் போனார். ஐயோ வேண்டாங்க, அது அடுத்தவங்க பொருள் என்று அண்ணன் குறுக்கே பாய்ந்து தடுத்தான். எனக்கு வந்ததே கோபம். ஃபியூஸை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், பார்த்தாயா உன் அண்ணன் நியாயத்தை என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "விடுக்கா. அடுத்து நான் வாங்கப் போற கிட்டாரையும் அடுத்தவங்களுதுன்னுதான் சொல்லி வெக்கப் போறேன். என்னுதுன்னு சொன்னா இந்த வீட்டுல தங்காது" என்றாள்.