கட்டிப் போகும் பிள்ளையின் ஓட்டு

எங்கள் கட்சி ஆபீஸ் சின்னமனூரில் ஓர் உரக்கடை மாடியில் இருக்கிறது. பதினெட்டு முடிந்த பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது எப்படி என்று அங்கே ஒரு கூட்டம் போட்டார்கள். மகளிர் அணிக்காக நான் போயிருந்தேன். செயலாளர் திட்டத்தை விளக்கினார். கபடி மைதானம், பைக் மெக்கானிக் கடை, செல்போன் கடை என்று பையன்கள் கூடும் இடத்தில் எல்லாம் நம் ஆட்கள் விண்ணப்பத்தோடு நிற்க வேண்டும். நாம் சேர்த்துவிட்ட பையன் முதல் ஓட்டை நமக்குத்தான் போடுவான். முதல் ஓட்டு விழுந்த இடத்திலேயேதான் கடைசி வரை விழும். இதுதான் அவர் கணக்கு.

“பொம்பளப் பிள்ளைக?” என்று கேட்டேன்.

“அதுகள எழுதி என்னக்கா பிரயோசனம்? நாம அலைஞ்சு சேப்போம், அதுக கட்டிப் போயி வேற ஊருல ஓட்டுப் போடும்.”

எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படிக் கட்டி வந்தவள்தான். பிறந்த ஊர்ப் பட்டியலில் என் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் எழுதிப் போட்டார், அவர் சொன்ன சின்னத்தை அமுக்கினேன், அந்தக் கட்சிக்கே மகளிர் அணிப் பொறுப்பாளரும் ஆனேன். எங்கள் தெருப் பெண் பிள்ளைகளை நானே சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தில் ஒத்துக்கொண்ட வேலை என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.

வேலை நினைத்ததுபோல் இல்லை. வெளுத்த சேலையும் கையில் பையுமாக ஒருத்தி வீட்டுக்குள் வந்து, பிள்ளைக்கு என்ன வயசு, பிறந்த தேதி என்ன, போட்டோ ஒன்று குடுங்க என்று கேட்டால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? ஒரு வீட்டில் காபி கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று விசாரித்தார்கள். இன்னொரு வீட்டில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ஸ்டுடியோவில் எடுத்த படத்தோடு ஜாதக நகலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓட்டுக்கு என்று சொன்னதும் எல்லா வீட்டிலும் முகம் ஒன்றுபோலவே மாறியது. “அங்கன போயி சேத்துக்கிருவாக” என்பார்கள். அந்த அங்கன எந்த ஊர் என்று பாதி வீட்டில் இன்னும் முடிவாகியிருக்காது.

எதிர்வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னார். அவர் மகள் உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேச்சைக் கேட்டபடி கதவோரம் நின்றவள், நேராக வந்து என் கையிலிருந்து விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

“நான் பொறந்தது இங்கன. ஒரு தடவையாச்சும் இங்கன ஓட்டுப் போட்டுட்டுப் போறேன் சித்தி.”

அக்கா முறைத்தார். அவள் நிமிரவே இல்லை, எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். வாக்காளர் அட்டை வந்த அன்று தெருவில் அவள் காட்டாத ஆள் இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கூடலூர், திராட்சைத் தோட்டக்காரர்கள். மாமனார் எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர். வீட்டு வாசலிலேயே கொடிக்கம்பம். எங்கள் செயலாளர் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிய கையோடு என்னைத் தனியே அழைத்தார்.

“எடம் மாறுனவுக பேரைக் கேட்டு வாக்குச்சாவடி அலுவலர் வருவாக. இந்தப் பிள்ள பேரச் சொல்லி எடுத்துவிடச் சொல்லிருங்க. இனி அது அவங்க ஓட்டு.”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டாவிட்டால் அங்கேயே வாக்குவாதம் வரும், கல்யாண வீடு.

எங்கள் பகுதிக்கு அலுவலராக வந்தது அங்கன்வாடி டீச்சர். யாராவது மாறிப் போயிருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். எதிர்வீட்டு அக்காவும் அருகிலேயே நின்றார். மகளைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் போன பிறகு, “மோர் குடிக்கிறியா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியே இல்லை. செயலாளருக்குத் தெரிந்தால் பதவி போகும். போனால் போகட்டும் என்று இருந்துவிட முடியவில்லை. இந்த ஊரில் மருமகள் என்பதைத் தாண்டி எனக்கிருந்த அடையாளமே அதுதான். அவள் வராமலே இருந்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

தேர்தல் அன்று எங்கள் கட்சி ஏஜெண்டாகப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள், தனியாக, பஸ் அலுப்போடு. அலுவலர் பெயரை உரக்கப் படித்தார். ஆட்சேபம் சொல்ல வேண்டிய நான் என் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டேன். விரலில் மை வைத்தார்கள், மறைப்புக்குள் போனாள், நீளமாக ஒரு சத்தம் கேட்டது, வெளியே போய்விட்டாள்.

மதியம் மாற்று ஏஜெண்ட் வந்ததும் வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் எனக்காக நின்றிருந்தாள்.

“எப்படித்தா விட்டாக?”

“அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு சொல்லிட்டு வந்தேன் சித்தி. இங்கன ஓட்டு இருக்கறது தெரிஞ்சு, எதுல அமுக்கணும்னு மாமா நேத்தே சொல்லிட்டாக. இங்கன வந்தா உங்க செயலாளர் வாசல்லயே மறிச்சு, இன்னும் பேர எடுக்கலையான்னு முழிச்சிட்டு, நம்ம சின்னம் ஞாபகம் இருக்காங்கறாக.” சிரித்தாள். “எதுல போட்டேன்னு நீங்க கேக்க மாட்டீகளா?”

“கேக்க மாட்டேன்.”

“கேட்டாலும் சொல்ல மாட்டேன்,” என்றாள். மறுபடி சிரித்துவிட்டுக் கூடலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

நான் இன்னும் என் ஓட்டைப் போடவில்லை. வரிசையில் நின்று, மை வைத்துக்கொண்டு மறைப்புக்குள் போனேன். எங்கள் சின்னம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வீட்டில் மாதிரி வாக்குச்சீட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். எப்போதும் விரல் நேராக அதற்குத்தான் போகும்.

அன்று போகவில்லை. அந்த இயந்திரத்தில் என்னென்ன சின்னங்கள் இருக்கின்றன என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்னும் அமுக்கவில்லையா அம்மா என்று வெளியே இருந்து அலுவலர் கேட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.